இறங்கவிடாத தீவுகள்: எரிமலைத் தீவுக் கப்பல்களுக்கு ஏன் இத்தனை கட்டுப்பாடு?

2025 செப்டம்பரில் அந்தமானை அடுத்த பாரன் தீவு எரிமலை மறுபடியும் குமுறியது. அந்தக் காணொலியைப் பார்த்த குமரி மாவட்டத்துக்காரர் எவருக்கும் முதலில் எழக்கூடிய கேள்வி, கப்பலில் போய் இறங்கிப் பார்க்க முடியுமா என்பதுதான். முடியாது என்பது விடை. ஏன் முடியாது என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

உலகின் இன்னொரு மூலையில் ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகள் இருக்கின்றன. அங்கே விலங்குகளைப் பார்ப்பதற்கென்றே கப்பல்கள் ஓடுகின்றன. எட்டு நாள் பயணத்துக்கு ஆளுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகிறது. அதற்கு மேல், தீவுக்குள் நுழைய வெளிநாட்டவர் தலைக்கு 200 டாலர் கட்ட வேண்டும். 2024 ஆகஸ்டில்தான் அது 100 டாலரிலிருந்து இரட்டிப்பானது. இவ்வளவு கொடுத்த பிறகும் கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. வழிகாட்டி இல்லாமல் காட்டுக் கரையில் ஓரடி வைக்க முடியாது. கீழே கிடக்கும் ஒரு சிப்பியைக்கூடப் பொறுக்கி வர முடியாது. குமரிமுனைக் கடைகளில் சங்கும் சோழியும் பை நிறைய வாங்கிப் பழகியவர்களுக்கு இது வேண்டாத கெடுபிடியாகத் தோன்றும். அந்தத் தீவுகள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால், கெடுபிடியின் காரணம் தானே விளங்கிவிடும்.

தீவுகளில் இரண்டு வகை

கரையிலிருந்து அரைக் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் விவேகானந்தர் பாறை, நிலத்தில் நாம் மிதித்து நடக்கும் அதே பழம்பாறையின் தொடர்ச்சி. நடுவில் கடல் புகுந்ததால் அது தனித்து நிற்கிறது. இலங்கையும் அப்படித்தான். கடைசிப் பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தபோது அதற்கும் தமிழகத்துக்கும் இடையே நிலவழி இருந்தது. யானையும் சிறுத்தையும் இரு கரையிலும் இருப்பதற்கு அதுவே காரணம். இவற்றைக் கண்டத் தீவுகள் என்பார்கள்.

எரிமலைத் தீவின் கதை வேறு. கடலடியில் உருகிய பாறை வெளியே கொட்டி, குளிர்ந்து, அதன் மேல் மறுபடி கொட்டி, பல்லாயிரம் ஆண்டுகளில் நீர்மட்டத்துக்கு மேலே தலை காட்டும். எந்த நிலத்தோடும் அது ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. பிறந்த அன்று அதில் புல் இல்லை, புழு இல்லை, மண் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. இது பெருங்கடல் தீவு.

இடையில் இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலைப் பார்த்துவிட்டு நம் பக்கமும் ஒரு காலத்தில் எரிமலை இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கருமை இல்மனைட் என்ற கனிமத்தின் நிறம்; இடையில் தெரியும் சிவப்பு, கார்னெட் என்ற கனிமத்தின் நிறம். மலைப்பாறை தேய்ந்து ஆற்றோடு வந்து அலையால் பிரிந்து படிந்தவை அவை. கலாபகோஸின் கருங்கடற்கரைகளோ உண்மையிலேயே எரிமலைக் குழம்பு உடைந்த மணல். இரண்டாவது குழப்பம் குமரிக்கண்டம். எரிமலைத் தீவுகள் காலப்போக்கில் மூழ்குவது உண்மைதான். அதை எடுத்துக் குமரிக்கண்டத்துக்குச் சான்றாக வைப்பது பொருந்தாது. மூழ்குகிறவை தனித்தனித் தீவுகள், கண்டங்கள் அல்ல.

சுடர் நிற்கும், தட்டு நகரும்

வீட்டில் கண்மை கூட்டும்போது விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள். தட்டை அசைக்காமல் பிடித்தால் ஒரே இடத்தில் கரி படியும். விட்டுவிட்டு நகர்த்தினால் பொட்டுப் பொட்டாக வரிசை கட்டும். கலாபகோஸ் உருவானது ஏறக்குறைய இப்படித்தான். பூமிக்குள் ஆழத்திலிருந்து ஒரே இடத்தில் வெப்பம் மேலேறிக்கொண்டிருக்கிறது. இதற்கு வெப்பப்புள்ளி என்று பெயர். அதன் மேலே நாஸ்கா என்ற புவித்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வேகத்தில் கிழக்கே, தென் அமெரிக்காவை நோக்கி நகர்கிறது. எழுபது வயது வாழும் ஒருவரின் ஆயுளில் மூன்றரை மீட்டர். பத்து லட்சம் ஆண்டில் 50 கி.மீ.

இதனால் விளைவது என்ன?

1. மேற்கே இருப்பவை இளைய தீவுகள். ஃபெர்னாண்டினா இன்னும் கொதிநிலையில் இருக்கிறது. அங்குள்ள லா கும்ப்ரே எரிமலை 2024 மார்ச்சில் வெடித்தது. பக்கத்தில் உள்ள இசபெலா தீவு ஆறு எரிமலைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவானது. அதிலிருக்கும் உல்ஃப் எரிமலை 2022 ஜனவரியில் வெடித்தது.

2. கிழக்கே இருப்பவை மூத்தவை. எஸ்பன்யோலா, சான் கிறிஸ்டோபல் போன்றவற்றுக்கு வயது முப்பது, நாற்பது லட்சம் ஆண்டுகள். சூட்டிலிருந்து விலகிப்போய், தேய்ந்து, தாழ்ந்துகொண்டிருக்கின்றன.

3. இன்னும் கிழக்கே, முன்பு தீவாக இருந்து இன்று கடலுக்குள் போய்விட்ட மலைகள் கிடக்கின்றன.

ஆகவே கப்பல் கிழக்கிலிருந்து மேற்கே போனால், ஒரு தீவின் முதுமையில் தொடங்கி அதன் பிறப்பை நோக்கிப் போகிறது. பயண நிறுவனங்களின் அட்டவணையில் ‘மேற்குச் சுற்று’, ‘கிழக்குச் சுற்று’ என்று இருப்பதை வெறும் திசையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேற்கே கரிய, வெறுமையான பாறையும் குளிர்ந்த கடலும். கிழக்கே பறவைக் குடியிருப்புகள். அலைவரிக் கோலம் கொண்ட அல்பட்ராஸ் பறவை ஏறக்குறைய முழுவதும் எஸ்பன்யோலாவில்தான் கூடு கட்டுகிறது.

தூத்தூர்ப் படகுகளுக்குக் கீழே

இந்தக் கதை நமக்கு அந்நியமானது இல்லை. தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவு தாண்டிப் போகிறார்கள். அங்கே அவர்கள் மீன்பிடிக்கும் பார்களுக்கு, அதாவது கடலடி மேடுகளுக்கு, அடியில் இருப்பது ஒரு பழைய எரிமலை வரிசை.

சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரப் பக்கத்தில் தக்காணத்தின் எரிமலைப் பாறை கொட்டிய காலத்தில், இந்தியா ஒரு வெப்பப்புள்ளியின் மேல் இருந்தது. இந்தியத் தட்டு வடக்கே நகர நகர, அதே வெப்பப்புள்ளி அடுத்தடுத்து லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றுக்கு அடித்தளம் போட்டது. பின்னர் மொரீஷியஸ். இன்று அது ரீயூனியன் தீவுக்குக் கீழே இருக்கிறது. அங்குள்ள பிட்டோன் தெ லா ஃபூர்னேஸ் உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று.

அப்படியானால் லட்சத்தீவில் ஏன் எரிமலை தெரிவதில்லை? சார்லஸ் டார்வின் 1842-இல் இதற்கு விடை சொன்னார். எரிமலை மெல்லத் தாழும். அதன் ஓரத்தில் வளரும் பவளம் வெளிச்சத்துக்காக மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகும். மலை மறைந்த பிறகு பவள வளையம் மட்டும் மிஞ்சும். 1952-இல் பசிபிக் கடலின் எனிவெடாக் பவளத் தீவில் துளையிட்டபோது, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடித்த சுண்ணாம்புப் படிவத்துக்கு அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் என்றால் குரங்கு என்று மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

யாரெல்லாம் கரை சேர்ந்தார்கள்

வடகிழக்குப் பருவமழையில் குழித்துறை ஆறு பெருகினால் தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் வாழைத்தண்டும் ஆகாயத்தாமரையும் வேரோடு பெயர்ந்த மரமும் கடலுக்குள் போவதைப் பார்க்கலாம். அந்த மரத்தில் ஓர் ஓணான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் நீரோட்டத்தில், அதாவது மீனவர் சொல்லும் நீவாட்டில், வாரக்கணக்கில் மிதக்கிறது. கலாபகோஸ் தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தள்ளி இருக்கிறது. அத்தனை தூரம் உப்பையும் வெயிலையும் பட்டினியையும் தாங்கி உயிரோடு சேரக்கூடியது எது?

செதில் போர்த்த ஊர்வன தாங்கும். பறவை பறந்து வரும். விதை பறவையின் வயிற்றிலோ காலிலோ வரும். தவளையின் மெல்லிய தோல் உப்பில் வெந்துவிடும். எனவே அங்கே இயற்கையாகத் தவளை கிடையாது. நிலத்துப் பாலூட்டிகளில் வௌவாலும் ஒருவகை எலியும் மட்டுமே தாமாகச் சேர்ந்தவை. புலி, நரி, பூனை, நாய் எதுவும் வரவில்லை. மேய்கிற விலங்கின் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை ராட்சத ஆமை பிடித்துக்கொண்டது. கடலுக்குள் இறங்கிப் பாசி மேயும் ஒரே பல்லியினமான கடல் இகுவானா அங்கே உருவானது. உடம்பில் சேரும் உப்பை அது மூக்கு வழியாகப் பீச்சி வெளியேற்றும். தலையில் வெள்ளைப் பொடி பூசியதுபோல் இருப்பதற்கு அதுவே காரணம். துரத்த ஆளில்லாத இடத்தில் ஒருவகை நீர்க்காகம் பறப்பதையே விட்டுவிட்டது. அதன் சிறகு இப்போது வெறும் குச்சி.

குளிர்ந்த நீர் மேலே வரும்போது

தென்மேற்குப் பருவத்தில் நம் மேற்குக் கரையோரக் கடல் சில்லென்று மாறுவதை இங்குள்ள மீனவர்கள் அறிவார்கள். ஆழத்து நீர் உரத்தோடு மேலே வருகிறது, நுண்பாசி பெருகுகிறது, பின்னால் சாளை வருகிறது. கலாபகோஸின் மேற்குப் பக்கத்தில், பசிபிக் கடலின் அடியோட்டம் ஒன்று தீவுகளில் மோதி இதே வேலையைச் செய்கிறது. பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கேயும் பென்குயின் வாழ முடிவது அந்தக் குளிர்ச்சியால்தான். வேறெந்தப் பென்குயின் இனமும் அந்தக் கோட்டைத் தாண்டி இயல்பாக வாழ்வதில்லை.

எல் நினோ ஆண்டுகளில் இந்த ஏற்பாடு குலைகிறது. சூடான நீர் மேலே பரவி, குளிர்ந்த நீரை எழவிடாது. பாசி இல்லாமல் இகுவானா மெலிகிறது என்பது மட்டுமில்லை, அதன் நீளமே குறைகிறது; எலும்பும் சுருங்கி, உணவு திரும்பியதும் மறுபடி நீள்கிறது என்று ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்டார்கள். 1982-83 எல் நினோவில் பென்குயின்களில் முக்கால் பங்குக்கு மேல் அழிந்தன. பணம் கட்டியவர்களுக்கு எல்லாமும் தெரியும் என்று விளம்பரம் சொன்னால், அந்த ஆண்டுக் கடலின் நிலவரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பயமில்லாமை என்ற பலவீனம்

பெரிய வேட்டை விலங்கைப் பார்த்தே அறியாத உயிரினம் மனிதனைக் கண்டு ஓடாது. 1835-இல் அங்கே வந்த டார்வின், கிளையில் உட்கார்ந்திருந்த பருந்தைத் துப்பாக்கி முனையால் தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறார். கடல் இகுவானாவை எடுத்துத் தண்ணீரில் வீசினார்; அது நேராக அவர் நின்ற இடத்துக்கே திரும்பி நீந்தி வந்தது. பயணிகளை இன்று இழுப்பதும் இந்தப் பயமின்மைதான். சுசீந்திரம்–தேரூர்க் குளத்தில் ஒரு வாத்துக் கூட்டத்தைப் பார்க்க வரப்பில் பதுங்கி நிற்க வேண்டும். கலாபகோஸில் நீலக்கால் பூபிப் பறவை பாதை நடுவில் முட்டையிட்டுவிட்டு, வழியை மாற்றிக்கொள்ளும் வேலையை நமக்கு விட்டுவிடும்.

இதே குணம்தான் அவற்றை அழிவின் விளிம்புவரை கொண்டுபோனது. திமிங்கல வேட்டைக் கப்பல்கள் ராட்சத ஆமைகளைப் பிடித்து அடித்தளத்தில் அடுக்கின. ஓராண்டுவரை தீனியும் தண்ணீரும் இல்லாமல் உயிரோடிருக்கும் இறைச்சி. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இதைவிட வசதி ஏது? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இப்படிப் போனதாகக் கணக்கிடுகிறார்கள். பிண்டா தீவின் ஆமை இனத்தில் கடைசியாக எஞ்சிய ‘தனிமை ஜார்ஜ்’ 2012 ஜூன் 24 அன்று இறந்தது.

மனிதன் விட்ட ஆடுகள் செய்தது அதைவிட மோசம். ஆமைக்கு எட்டும் புல்லையும் புதரையும் அவை வேரோடு தின்றன. ஆட்டை ஒழிக்க ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். கடைசி ஆடுகள் புதருக்குள் பதுங்கிக்கொண்டன. பிடித்த ஆடுகள் பலவற்றின் கழுத்தில் வானொலிப் பட்டை மாட்டி அவிழ்த்துவிட்டார்கள். ஆடு தனித்திருக்காது, அது தன் இனத்தைத் தேடிப் போகும், பின்னால் துப்பாக்கி போகும். அந்த ஆடுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் யூதாஸ். சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் அகற்றப்பட்டன. படிக்கக் கொடூரமாக இருக்கிறது. வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

கப்பல் விதிகளும் அவற்றின் காரணங்களும்

தீவுகளின் நிலப்பரப்பில் 97 விழுக்காடு 1959 முதல் தேசியப் பூங்கா. 1978-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே இடம்பெற்றது. 2007-இல் ‘ஆபத்தில் உள்ளவை’ பட்டியலுக்குப் போய் 2010-இல் வெளியே வந்தது. அந்தப் பின்னணியில் விதிகளைப் பார்க்கலாம்.

1. ஒரு கப்பலில் 100 பயணிகளுக்கு மேல் கூடாது. விவேகானந்தர் பாறைக்குப் போகும் நம் படகு ஒரே நடையில் நூறு பேருக்கு மேல் ஏற்றிவிடும். அங்கே ஒரு முழுக் கப்பலுக்கே அவ்வளவுதான். கப்பலின் செலவைக் கொஞ்சம் பேரே பங்கிட்டுக்கொள்வதால் கட்டணம் உயர்கிறது.

2. 16 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி. பூங்காவின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். கதை சொல்வதோடு காவல் காப்பதும் அவர் வேலை.

3. பாதையைக் கப்பல் முதலாளி தீர்மானிக்க முடியாது. எந்த நாளில் எந்த இடம் என்பதைப் பூங்கா ஒதுக்கும். ஒரு முறை போன இடத்துக்கு அதே கப்பல் 14 நாளுக்குள் திரும்பக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட முடியாததன் காரணம் இதுதான்.

4. விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது தானாக நெருங்கி வந்தாலும் தொடக் கூடாது. கடல் சிங்கக் குட்டியின் மேல் மனித வாடை பட்டால் தாய் அதை ஒதுக்கிவிடலாம்.

5. பழம், விதை, செடி, மண் ஒட்டிய செருப்பு எதுவும் உள்ளே வரக் கூடாது. ஈக்வடார் விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறந்து பார்த்து முத்திரை வைப்பார்கள். நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தைவிட, பையின் அடியில் மறந்து கிடக்கும் ஒரு புளியங்கொட்டைதான் அவர்களுக்குப் பெரிய கவலை. ஓர் ஈ இனம் வந்து சேர்ந்து, அதன் புழுக்கள் குருவிக் குஞ்சுகளின் இரத்தத்தைக் கூட்டுக்குள்ளேயே உறிஞ்சிக் கொன்றுகொண்டிருக்கின்றன. எப்படி வந்தது என்று இன்று கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

6. கப்பலின் அடிப்பாகமும் சோதனைக்குட்பட்டது. அதில் ஒட்டிவரும் கடல் உயிரினங்கள் ஒருபுறம். இரவு விளக்குக்கு வந்து ஒட்டி, தீவு விட்டுத் தீவு போகும் பூச்சிகள் இன்னொருபுறம்.

கரையில் துறைமுக மேடை பெரும்பாலான இடங்களில் கிடையாது. காற்றடைத்த சிறுபடகில் போய்ப் பாறையில் தாவி இறங்குவதற்கு உலர் இறக்கம் என்றும், முழங்கால் நீரில் குதிப்பதற்கு நனை இறக்கம் என்றும் அட்டவணையில் போட்டிருப்பார்கள். மூட்டுவலி உள்ளவர்கள் கட்டணத்துக்கு முன் இந்தச் சொற்களைப் பார்க்க வேண்டும்.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். கெடுபிடி முழுக்கக் கப்பல் மேல் இருக்க, இன்று பெரும்பாலான பயணிகள் ஊர் உள்ள தீவுகளில் விடுதி எடுத்துத் தங்குகிறார்கள். 2023-இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். விடுதிக்கு வேண்டிய உணவும் சிமெண்டும் பெரும்பாலும் பெருநிலத்திலிருந்து வர வேண்டும். அவற்றோடு எறும்பும் களையும் வருகின்றன. கப்பலை எண்ணிவிட்டு விடுதியை எண்ணாமல் விட்டது பெரிய ஓட்டை என்பேன்.

மீனவர் பக்கம்

1998-இல் தீவுகளைச் சுற்றிக் கடல் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பெரிய தொழில்முறைக் கப்பல்களுக்கு அங்கே தடை; உள்ளூர்ச் சிறுபடகு மீனவர்களுக்கு மட்டும் உரிமை. சும்மா வந்த ஏற்பாடு இல்லை இது. 1990-களில் கடல் அட்டைக்கு ஆசியாவில் விலை ஏறியபோது, தடை போட்டதை எதிர்த்து 1995-இல் மீனவர்கள் அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தையே முற்றுகையிட்டார்கள். 2001-இல் இந்தியாவில் கடல் அட்டை பிடிப்பது தடைசெய்யப்பட்ட பிறகு மன்னார் வளைகுடாவில் நடந்த சண்டைகளை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

2017 ஆகஸ்டில் காப்பகத்துக்குள் பிடிபட்ட ஒரு சீனக் கப்பலின் குளிரறையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுறாக்கள் இருந்தன. கொம்பன் சுறாவும் அதில் அடக்கம். 2022-இல் காப்பகத்தோடு மேலும் 60,000 சதுர கி.மீ. சேர்க்கப்பட்டது. நம் பக்கத்தில் 2010-இல் பிரிட்டன் சாகோஸைச் சுற்றி மீன்பிடித் தடை அறிவித்தது. தூத்தூர்ப் பகுதிப் படகுகள் சாகோஸின் டீகோ கார்சியா தீவு அருகே பிடிபட்ட செய்திகளுக்குப் பின்னணி அதுதான். கடலில் கோடு தெரிவதில்லை. ஆனால் சின்னமுட்டத்தில் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்க, குளச்சலில் ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது என்பதை ஏற்றுக்கொண்ட ஒரு மாவட்டத்துக்கு, கடலில் கோடு கிழிப்பது புதிதில்லை. கோட்டைக் கிழிக்கும்போது மீனவனும் உடன் இருந்தானா என்பதில்தான் சண்டை வருகிறது.

பாரன் தீவுக்குத் திரும்பினால்

பாரன் தீவு வெப்பப்புள்ளியால் வந்தது இல்லை. இந்தியத் தட்டு கிழக்கே பர்மாத் தட்டின் அடியில் செருகுகிறது; ஆழத்தில் பாறை உருகி மேலே வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று கொட்டில்பாட்டையும் மேலமணக்குடியையும் குளச்சலையும் வாரிக்கொண்டுபோன ஆழிப்பேரலை, இந்தச் செருகல் கோட்டில் சுமத்ரா அருகே கடலடி விலகியதால் எழுந்தது. தீவு சுமார் 3 கி.மீ. அகலம்; போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஏறக்குறைய 140 கி.மீ. வடகிழக்கே. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991-இல் மறுபடி விழித்தது. ஆளில்லாத தீவு. அங்கும் யாரோ எப்போதோ விட்ட ஆடுகள் இன்றும் திரிகின்றன. வடக்கே, உறங்கும் எரிமலையான நார்கொண்டம் தீவின் ஏழு சதுர கி.மீ. கூட இல்லாத காட்டில் ஓர் இருவாச்சி இனம் வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது இல்லை. அங்கேயும் ஓர் ஆட்டு மந்தை இருந்தது, பின்னர் அகற்றினார்கள்.

குமுறும் மலை ஒருபுறம், காலோடு ஒட்டிப்போகும் விதை இன்னொருபுறம் என்று பார்த்தால், இறங்கவிடாதது ஏன் என்று விளங்கும். பாரனுக்கு முன்அனுமதி பெற்ற படகு தீவைச் சுற்றிவரும், கரையைத் தொடாது. பகலில் போனால் சாம்பல் புகை தெரியும். எரிமலை விழித்திருக்கும் நாளாக இருந்தால், இருட்டிய பிறகு உச்சியில் சிவப்பு தெரியும்.